நினைவு இருக்கிறது, வேகம் இல்லை

கேள்வி: கடைக் கணக்கு முழுவதையும் ஒற்றை ஆளாகப் பார்த்துவந்த என் தந்தை, இலேசான பக்கவாதத்துக்குப் பிறகு இரண்டு பில்களைச் சரிபார்க்கவே திணறுகிறார். ஆனால், நேற்று வீட்டுக்கு வந்தவரின் பெயரைக்கூட மறக்கவில்லை. மருத்துவர் ‘வாஸ்குலர் டிமென்ஷியா’ என்கிறார். மறதி இல்லாமலே டிமென்ஷியா வருமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வரும். டிமென்ஷியா என்றாலே மறதி என்று நாம் எண்ணுவதற்குக் காரணம் அல்சைமர் நோய். புதிய செய்திகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி அதில் தொடக்கத்திலேயே சிதைகிறது. இரத்தக் குழாய்க் கோளாறால் வரும் வாஸ்குலர் டிமென்ஷியாவிலோ, பெரும்பாலும் மூளையின் ஆழத்திலுள்ள நுண்குழாய்கள் பழுதாகி, மூளையின் முன்பகுதியை உட்பகுதிகளோடு இணைக்கும் நரம்பிழைகள் ஆங்காங்கே சேதமடைவதால், சிந்தனையின் வேகமும், திட்டமிடும் ஆற்றலும், ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்குக் கவனத்தைத் திருப்பும் திறனும் முதலில் குறைகின்றன. நினைவில் பதிந்தது உள்ளேதான் இருக்கும். எடுக்கத் தாமதமாகும், சிறு குறிப்புக் கொடுத்தால் பலருக்கு வந்துவிடும். எல்லாருக்கும் இப்படியே என்று சொல்வதற்கில்லை: மூளையின் ஆழத்திலுள்ள தலாமஸ் என்ற பகுதியில் ஏற்படும் ஒரே ஒரு சிறு அடைப்பு நினைவாற்றலையே குலைத்துவிடக்கூடும்.

இந்தக் குறை வழக்கமான சோதனையில் நழுவிவிடுவதும் உண்டு. 1975இல் வெளியாகி, இன்றும் பரவலாகப் பயன்படும் 30 மதிப்பெண் சோதனை, தேதி, இடம், மூன்று சொற்களை நினைவுகூர்தல் போன்றவற்றையே பெரிதும் கேட்கிறது. அதில் உங்கள் தந்தை நல்ல மதிப்பெண் பெற்றாலும் வியப்பில்லை. எண்களையும் எழுத்துகளையும் 1–அ–2–ஆ என்று மாறி மாறிக் கோட்டால் இணைக்கச் சொல்லி நேரத்தைக் கணக்கிடும் சோதனையே இங்கு அதிகம் உதவும்.

கேள்வி: காரணம் இரத்தக் குழாய்தான், அல்சைமர் அல்ல என்று ஆய்வாளர்கள் எப்படிப் பிரித்தறிகிறார்கள்?
– அதே வாசகி

பதில்: முதியவர்களிடம் இவ்விரண்டும் அடிக்கடி சேர்ந்தே இருப்பதால் பிரிப்பது கடினம். ஆகவே, ‘காடசில்’ என்ற அரிய பரம்பரை நோயை ஆய்வாளர்கள் உன்னிப்பாகக் கவனிக்கிறார்கள். நாட்ச்3 மரபணுவின் பிறழ்வால் வருவது இது என 1996இல் கண்டறியப்பட்டது. அல்சைமர் வரும் வயதுக்கு முன்பே, நடுவயதிலேயே, நுண்குழாய்கள் கெடுவதால், அவற்றின் தனி விளைவை இந்நோயாளிகளிடம் காண முடிகிறது. முதலில் குறைவதும் வேகமும் திட்டமிடலும்தான்.

மறுபக்கம், அமெரிக்கக் கன்னியாஸ்திரிகளின் மூளைகளை இறப்புக்குப் பின் ஆராய்ந்து 1997இல் வெளியான ஆய்வு, அல்சைமர் மாற்றங்கள் இருந்தவர்களில் ஆழ்பகுதியில் சிறு அடைப்புகளும் இருந்தோருக்கே டிமென்ஷியா மிக அதிகம் என்று காட்டியது. ஒன்று மற்றொன்றை வெளிக்கொணர்கிறது என்றே இதை நான் வாசிக்கிறேன்.

இனி தடுப்பு பற்றி: இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை (சிஸ்டாலிக்) 120க்குக் கீழே இறக்கினால் பயனுண்டா என 9,361 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2019இல் வெளியானது. டிமென்ஷியா குறைந்ததென்று உறுதியாக நிறுவ முடியவில்லை; அதற்கு முந்தைய நிலையான இலேசான அறிவாற்றல் குறைபாடு குறைந்தது. ஆனால், பக்கவாதம் வந்தவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. எனவே, உங்கள் தந்தைக்கு அந்த 120ஐ அப்படியே பொருத்தாமல், இலக்கு எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவரிடமே கேட்டு முடிவுசெய்யுங்கள்.