20 புள்ளியா, 2 புள்ளியா?

வாசகர் கேள்வி: சிவிலைசேஷன் 4 என்ற கணினி உத்தி விளையாட்டின் பியாண்ட் தி ஸ்வோர்ட் பதிப்பை ஒரு வருடமாக விளையாடுகிறேன். இந்த ஆட்டத்தில் இதுவரை மூன்று கிரேட் ஜெனரல்கள், அதாவது பெரும் தளபதிகள், கிடைத்தார்கள். மூவரையும் என்னுடைய சிறந்த வாள்வீரர் படைகளோடு சேர்த்தேன். மூன்று படைகளும் முற்றுகைகளில் அழிந்துவிட்டன. இப்போது நான்காவது ஜெனரல் வந்திருக்கிறார். அவரை நகரத்தில் பயிற்சியாளராக அமர்த்தச் சொல்கிறான் நண்பன். ஆனால் அப்படிச் செய்தால் 2 அனுபவப் புள்ளிதான். படையோடு சேர்த்தால் 20. இருபதை விட்டுவிட்டு இரண்டை எடுப்பது எப்படிச் சரியாகும்?

பதில்: உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. ஆனால் நீங்கள் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. திரையில் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் இருபதுக்கு முன்னால் இரண்டு ஒன்றுமே இல்லாததுபோலத்தான் தெரியும். நானும் பல ஆட்டங்களில் இருபதைத்தான் எடுத்திருக்கிறேன்.

முதலில் அந்த மூன்று படைகளும் ஏன் செத்தன என்று பார்ப்போம். தளபதி சேர்ந்த படை பலமானது என்பதால் ஒவ்வொரு தாக்குதலுக்கும் அதைத்தான் முதலில் அனுப்பியிருப்பீர்கள். 90 சதவீத வெற்றி வாய்ப்பு என்று திரை காட்டும்போது யாருக்கும் பயம் வராது. ஆனால் அதே வாய்ப்போடு பத்து முறை தாக்கினால், பத்திலும் பிழைத்திருக்க ஏறக்குறைய 35 சதவீத வாய்ப்புதான். ஆக, அந்தப் படைகள் அழிந்தது உங்கள் துரதிர்ஷ்டம் அல்ல. அடிக்கடி சண்டைக்குப் போகும் எந்தப் படைக்கும் ஒருநாள் அதுதான் நடக்கும்.

இனி புள்ளிக் கணக்கு. ப்ரொமோஷன், அதாவது படைக்கான சிறப்புத் திறன், கிடைக்கும் புள்ளிப் படிகள் 2, 5, 10, 17, 26 என்று போகின்றன. மேலே போகப் போக இடைவெளி அகலமாகிறது. ஏற்கெனவே 5 புள்ளி, அதாவது இரண்டு ப்ரொமோஷன் வைத்திருக்கும் வாள்வீரரிடம் 20 புள்ளியைக் கொட்டினால் 25 ஆகும். அதில் கிடைப்பது கூடுதலாக இரண்டே இரண்டு ப்ரொமோஷன். அடுத்ததற்கு ஒரே ஒரு புள்ளி குறைகிறது!

அதே ஜெனரலைப் பேரக்ஸ் (படைவீடு) உள்ள நகரத்தில் பயிற்சியாளராக அமர்த்துங்கள். அங்கே பிறக்கும் ஒவ்வொரு படைக்கும் பேரக்ஸ் தருவது 3, அவர் தருவது 2, மொத்தம் 5. பேரக்ஸ் மட்டும் இருந்தால் ஒரு ப்ரொமோஷனோடு பிறந்திருக்க வேண்டிய படை இப்போது இரண்டோடு பிறக்கிறது. பத்துப் படைகள் உருவாக்கினால் மொத்தம் அதே 20 புள்ளிதான், ஆனால் கூடுதலாகப் பத்து ப்ரொமோஷன். பதினோராவது படையிலிருந்து எல்லாமே லாபம். இதில் ஒரு படை செத்தால் ஒரு படைதான் போகும், தளபதி போகமாட்டார்.

இரண்டு ப்ரொமோஷன் என்றால் வாள்வீரருக்கும் கேட்டபல்ட்டுக்கும் (கல்லெறியும் பொறி) நகரத் தாக்குதலுக்கான சிட்டி ரெய்டர் ஒன்றும் இரண்டும். நகரத்தைத் தாக்கும்போது 45 சதவீதம் கூடுதல் பலம். பிறந்த அன்றே அது இருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். பின்னால் மேஸ்மேனை (கதைவீரர்) ரைஃபிள்மேனாக (துப்பாக்கி வீரர்) உயர்த்தும்போதும் சிட்டி ரெய்டர் அப்படியே கூட வரும். துப்பாக்கிப் படைகள் தாமாக அதைப் பெற முடியாது என்பதால் இது பெரிய சொத்து. உயர்த்தும்போது 10-க்கு மேலுள்ள புள்ளிகள் வெட்டப்படும், ஆனால் வாங்கிய ப்ரொமோஷன்களில் யாரும் கைவைப்பதில்லை.

நிஜப் போரிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை தன் அனுபவசாலி விமானிகளைச் சுழற்சி முறையில் களத்திலிருந்து எடுத்துப் பயிற்சிப் பணிக்கு அனுப்பியது. 1942-இல் மிட்வே கடற்போரில் பறந்த விமானி ஜான் தாட்ச் அதற்குப் பின் போர் உத்திகளைக் கற்றுக்கொடுக்கப் போனார். ஜப்பான் தன் தேர்ந்த விமானிகளைப் பெரும்பாலும் களத்திலேயே வைத்திருந்தது. அவர்கள் ஒவ்வொருவராக மடிந்தபோது, அவர்கள் கற்றதும் அவர்களோடு போனது. 1944 ஜூனில் பிலிப்பைன் கடல் போரில் ஜப்பானிய விமானங்கள் நூற்றுக்கணக்கில் விழுந்ததற்குப் போதிய பயிற்சி இல்லாத விமானிகளும் ஒரு முக்கியக் காரணம். இதைப் படித்த பிறகுதான் பயிற்சியாளரைப் பற்றிய என் எண்ணமே மாறியது.

சரி, எந்த நகரத்தில் அமர்த்துவது? பழக்கதோஷத்தில் தலைநகரைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். சுத்தியல் எண்ணிக்கை, அதாவது உற்பத்தி, எங்கே அதிகமோ அதுதான் இடம். ஐந்து சுற்றுக்கு ஒரு படை தரும் நகரத்தில் அமர்ந்த பயிற்சியாளர் பாதி நேரம் சும்மா இருப்பார். ஒருமுறை அமர்த்திவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே எல்லையை ஒட்டிய நகரமும் வேண்டாம். பேரக்ஸ் கட்டி முடித்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பயிற்சியாளரையும் அதே நகரத்தில் வைக்கலாம். ஆனால் 5 என்பது 7 ஆகும், அடுத்த படி 10. அதனால் பலன் உடனே தெரியாது. தியோக்ரசி, வாஸலேஜ் என்ற ஆட்சிக் கொள்கைகள் இரண்டும் ஆளுக்கு 2 தரும். இரண்டையும் ஏற்றால் 11, மூன்று ப்ரொமோஷன். ஆனால் அதற்காக நாட்டின் பொருளாதாரத்தையே மாற்ற வேண்டியிருக்கும். பெரிய போருக்கு முன் கொஞ்ச காலம் வைத்துக்கொள்ளலாம், நிரந்தரமாக நான் வைக்கமாட்டேன்.

இந்த முறையில் இன்னொரு நன்மையும் உண்டு. 5 புள்ளியோடு பிறக்கும் படை சில வெற்றிகளிலேயே 10-ஐத் தொட்டு நான்காம் நிலைக்கு வந்துவிடும் (ப்ரொமோஷன் இல்லாத படை முதல் நிலை). ஹீரோயிக் எபிக் என்ற தேசிய அதிசயத்தைக் கட்ட அப்படி ஒரு படை இருந்தால்தான் அனுமதி. அதைப் பயிற்சியாளர் இருக்கும் நகரத்திலேயே கட்டுங்கள். படை உற்பத்தி இரட்டிப்பாகும்.

அப்புறம், ஒரு ஜெனரலைப் படையோடு சேர்ப்பது தவறே இல்லை, சண்டைக்கு அனுப்பாத படையாக இருந்தால். ஐந்தாமவர் வரும்போது அவரை ஒரு தேர்ப்படையோடு சேருங்கள். சேர்க்கும் கட்டத்தில் வேறு படை எதுவும் நிற்கக்கூடாது, நின்றால் 20 புள்ளியும் பங்கு போய்விடும். கிடைத்த ப்ரொமோஷன்களைக் காயம் ஆற்றும் மெடிக் மூன்று வரை கொண்டுபோங்கள். தளபதி சேர்ந்த படைக்கு மட்டுமே கிடைக்கும் ப்ரொமோஷன் அது. கூட்டத்தின் நடுவில் நிற்கட்டும். வலுவான படைகள் சுற்றி இருக்கும்வரை எதிரியின் அடி அவர்கள்மேல்தான் விழும். காயம்பட்ட படைகள் எவ்வளவு சீக்கிரம் எழுகின்றன என்று பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

சேர்ப்பதற்கு முன் அந்தத் தேருக்கு எப்படியாவது 6 புள்ளி சேர்த்துவிடுங்கள். அதே நகரத்தில் பிறந்தால் 5 ஏற்கெனவே இருக்கும், தேவை ஒரே ஒரு எளிய வெற்றி. 6-உம் 20-உம் சேர்ந்தால் 26, ஆறாம் நிலை. வெஸ்ட் பாயிண்ட் என்ற இன்னொரு தேசிய அதிசயத்தைக் கட்டத் தேவைப்படுவது அதுதான். அதற்கான தொழில்நுட்பம் வர இன்னும் காலமாகும். ஆனால் வந்ததும் அதையும் பயிற்சியாளரின் நகரத்திலேயே கட்டினால், அங்கே பிறக்கும் ஒவ்வொரு படைக்கும் இன்னும் 4 புள்ளி. தேசிய அதிசயங்கள் ஒரு நகரத்துக்கு இரண்டுதான். அதனால் அந்த இரண்டு இடங்களையும் ஹீரோயிக் எபிக்குக்கும் வெஸ்ட் பாயிண்டுக்கும் இப்போதே ஒதுக்கி வையுங்கள்.