இட்லிப்பூச் செடி ஏன் வெளுக்கிறது?

கேள்வி: கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூவோடு வாங்கி வந்த இட்லிப்பூச் செடியை காம்பவுண்டு சுவரோரம் நட்டேன். ஒரு வருடத்தில் இலையெல்லாம் மஞ்சள், பூவும் நின்றுபோனது. டிஏபி, முட்டை ஓட்டுத் தூள், அடுப்புச் சாம்பல் எல்லாம் போட்டாயிற்று. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். இன்னும் என்ன உரம் போடலாம்?
— வாசகி, தாம்பரம்

பதில்: எதுவும் போடாதீர்கள். முட்டை ஓட்டையும் சாம்பலையும் இன்றோடு விட்டுவிடுங்கள், இந்தச் செடிக்கு ஆகாத சுண்ணாம்பும் காரமும் அதில்தான் இருக்கின்றன. டிஏபியும் வேண்டாம், அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் மிஞ்சினால் வேர் இரும்பை எடுப்பது இன்னும் கஷ்டமாகும்.

ஒரு இளம் இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்புகள் மட்டும் பச்சை வலை போலத் தெரிந்து, இடைப்பட்ட இடமெல்லாம் எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் அது இரும்புச் சத்துக் குறை. (அடி இலைகள் முதலில் முழுசாக வெளுத்தால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை, அதற்கு வைத்தியம் வேறு.) பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கவே இருக்கும், சுண்ணாம்பு அதைக் கரைய விடாது, அவ்வளவுதான். இட்லிப்பூ புளிப்பான, அதாவது அமிலத்தன்மையுள்ள மண்ணில் வளர்ந்து பழகிய செடி, காப்பிச் செடியின் குடும்பம். கேரளத்தின் செம்மண்ணில் தெச்சி என்ற பெயரில் யாரும் கவனிக்காமலே புதராக மண்டிக் கிடக்கும். நாம் அதைக் கொண்டுவந்து சுவரோரம் வைத்து உப்புத் தண்ணீர் ஊற்றுகிறோம்.

சுவரோரம் என்றதுமே எனக்குச் சந்தேகம் வந்தது. என் பழைய வீட்டிலும் இதே கதை, இரண்டு வருடம் உரம் மாற்றி உரம் போட்டேன், கடைசியில் செடியைத் தோண்டினால் வேருக்கு நடுவே கொத்தனார் கொட்டிவிட்டுப் போன சிமெண்டுக் கட்டிகள். நீங்களும் அரை அடி தோண்டிப் பாருங்கள். கட்டி இருந்தால் செடியை மண்ணோடு பெயர்த்து, சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளியோ பெரிய தொட்டியிலோ வையுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு போதும்.

அப்புறம் அன்னபேதி, அதாவது பெர்ரஸ் சல்பேட். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, அதில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலம் இலைமேல் தெளியுங்கள், பத்து நாளுக்கு ஒரு தடவை, மூன்று தடவை. தரையிலோ சுவரிலோ பட்டால் துருக்கறை போகவே போகாது, பார்த்துத் தெளியுங்கள். வெளுத்த பழைய இலை அப்படியேதான் இருக்கும், புதுக் கொழுந்து பச்சையாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

தண்ணீரை மாற்றாமல் இதெல்லாம் நிலைக்காது. மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் நல்லது. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பே இருக்காது, அதை வாளியில் பிடித்து ஊற்றுங்கள். துணி துவைத்த தண்ணீர் மட்டும் கூடவே கூடாது.

கேள்வி: வெட்டிவிட்டால் பூக்காது என்கிறார்களே? சங்கப் பாட்டில் வரும் வெட்சி இதுதானா?
— வாசகர், காரைக்குடி

பதில்: ஆமாம், ஆநிரை, அதாவது எதிரியின் மாட்டு மந்தை, கவரப் போன மறவர்கள் சூடிய வெட்சி இதுதான் என்கிறார்கள். பூங்கொத்து கிளை நுனியில்தான் வரும், அதனால் மொட்டு விட்ட நேரத்தில் வெட்டினால் பூ போய்விடும், உண்மைதான். ஒரு சுற்றுப் பூத்து உதிர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், ஒரு கிளைக்கு இரண்டாகத் துளிர்க்கும். தினம் ஐந்தாறு மணி நேரம் வெயில் வேண்டும். வெட்டிய கிளைகளை எறியாமல், பென்சில் கனத்துக்குச் சற்றுக் குறைந்ததாகப் பார்த்து ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, கீழ் இலைகளை எடுத்துவிட்டு மழைக்காலத்தில் மணலில் ஊன்றி நிழலில் வையுங்கள். வேர் பிடிக்க ஒன்றிரண்டு மாதம் ஆகும், நடுவில் பிடுங்கிப் பார்க்காதீர்கள்.