பதில்: கிராஃபைட் ஆனோடில் வோல்டேஜ் ஏறுகிறது, அனிசால்டிஹைடு வரவில்லை

மின்சாரத்தால் ஆக்சிஜனேற்றி அனிசால்டிஹைடு எடுக்கப் பார்த்தீர்கள், கிராஃபைட் ஆனோடில் (நேர்மின்முனை) வோல்டேஜ்தான் ஏறியது. மெத்தனாலில் மூலப்பொருள் 4-மெத்தாக்ஸிடொலுவீன் 5 மில்லிமோல், 100 மில்லிஆம்பியர், 2 மணி நேரம் என்கிறீர்கள். கணக்கு அங்கேயே இடிக்கிறது. அது 720 கூலூம், மோலுக்கு 1.5 ஃபாரடேதான் (ஒரு ஃபாரடே என்பது ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம்). ஆல்டிஹைடுக்கு முந்தைய பொருளான டைமெத்தில் அசெட்டாலுக்கு 4 ஃபாரடே வேண்டும்: 1930 கூலூம், 5 மணி 22 நிமிடம், நடைமுறையில் இன்னும் கொஞ்சம். பாதியில் நிறுத்தினால் ஒரே ஒரு மெத்தாக்ஸி ஏறிய இடைநிலை ஈதரும் மிச்சமான மூலப்பொருளும்தான் கையில் நிற்கும். அசெட்டாலைக் கடைசியில் நீர்த்த அமிலத்தில் உடைத்தால்தான் ஆல்டிஹைடு.

வோல்டேஜ் 7லிருந்து 20க்கு ஏறுவது பெரும்பாலும் ஆனோடில் படியும் பாலிமர் படலத்தால். சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியரைத் தாண்டாமல் நன்றாகக் கலக்குங்கள். ஒவ்வொரு முறையும் உப்புத்தாளில் தேய்த்து அசிட்டோனில் கழுவுங்கள். இதற்காகப் பிளாட்டினம் வாங்க ஓட வேண்டாம். கேத்தோடுக்கு (எதிர்மின்முனை) ஸ்டீல் தகடே போதும். அங்கே ஹைட்ரஜன் வரும், மூடியை இறுக்காதீர்கள்.

புதுச்சேரி ஈரக்காற்றில் திறந்த மெத்தனால் தண்ணீரை இழுக்கும். 3 ஆங்ஸ்ட்ராம் மாலிக்யூலர் சீவ் (தண்ணீரை உறிஞ்சும் மணிகள்) போட்டு வையுங்கள்.