ஆண்டுச் சந்தாவா, வீட்டில் இரும்பா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். வயது 39. சென்ற மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில், சர்க்கரையின் சராசரி அளவைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 என்று வந்தது; சர்க்கரை நோயின் எல்லைக்குச் சற்றுக் கீழே. மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. நடையும் எடைப் பயிற்சியும் செய்துவிட்டு மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஜிம்மில் மாதத்துக்கு 1,500 ரூபாய். ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் 12,000 ரூபாய். இந்த வாரத்துக்குள் கட்டினால்தான் அந்தச் சலுகை என்கிறார்கள். இன்னொரு பக்கம், பென்ச், ஐந்தடி ராடு, டம்பெல் ராடு இரண்டு, 50 கிலோ பிளேட் எல்லாம் சேர்ந்த ‘ஹோம் ஜிம் செட்’ இணையத்தில் 9,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. என் மனைவியும் பயிற்சி செய்ய விரும்புகிறார். ஜிம்முக்கு வர அவருக்குத் தயக்கம். வாடகை வீட்டின் முதல் மாடியில் இருக்கிறோம், வீட்டுக்காரர் கீழே குடியிருக்கிறார். ஓர் அறையில் பாதி இடமும் மொட்டை மாடியும் காலியாக உள்ளன. நான் இதுவரை எடை தூக்கியதே இல்லை. இரண்டு முறை ஜிம்மில் சேர்ந்து பாதியில் நின்றதாக நீங்கள் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

கு.

அன்புள்ள கு.,

12,000, 9,000 என்ற இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் பிரிவில் இருப்பவரிடம் இதைச் சொல்லச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. முதல் தொகை ஆண்டு முடிந்ததும் கரைந்துவிடும் முன்பணச் செலவு. இரண்டாவது தொகை, பொருள் தரமாக இருந்தால், பல ஆண்டுகள் கழித்தும் யாருக்காவது விற்கக்கூடிய சொத்து. அவற்றை நேருக்கு நேர் வைத்துக் கழித்துப் பார்ப்பதில் பயனில்லை. இரண்டையும் அளக்கப் பொதுவான அளவுகோல், நீங்கள் உண்மையில் பயிற்சி செய்த நாட்களின் எண்ணிக்கைதான். வாரத்துக்கு மூன்று நாள் என்றால் ஆண்டுக்கு 156 நாள். கல்யாணம், காய்ச்சல், கணக்கு முடிக்கும் மார்ச் மாதம் எல்லாவற்றையும் கழித்து 120 நாள் போனால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் ஆகிறது. அது நியாயமான விலை. நாற்பது நாளோடு நின்றுபோனால் முந்நூறு ரூபாய்.

நாற்பது என்ற எண்ணை உங்களைக் குறைத்து மதித்து எழுதவில்லை. அமெரிக்காவில் பணிபுரியும் பொருளியல் அறிஞர்களான ஸ்டெஃபானோ டெல்லாவின்யா, உல்ரிக்கே மால்மெண்டியர் இருவரும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அங்குள்ள மூன்று உடற்பயிற்சி நிலையங்களைச் சேர்ந்த 7,752 உறுப்பினர்களின் மூன்றாண்டு வருகைப் பதிவுகளை எடுத்துப் பார்த்ததில், மாதம் 70 டாலருக்கு மேல் கட்டணம் உள்ள திட்டத்தில் சேர்ந்தவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் வந்திருந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆனது. பத்து முறை வந்துபோவதற்கான சீட்டு அதே இடத்தில் 100 டாலருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. பணம் கட்டிய அன்று இருந்த உற்சாகத்தை ஆண்டு முழுவதற்கும் பெருக்கிவிட்டார்கள். இந்த வாரத்துக்குள் கட்ட வேண்டும் என்று உங்களை அவசரப்படுத்துவது, அந்தப் பெருக்கலை நீங்களும் செய்ய வேண்டும் என்பதற்காகத்தான். அதே சலுகை புத்தாண்டுக்கு வரும், பொங்கலுக்கு வரும், ஆடித் தள்ளுபடியோடும் வரும். இடையே ஒன்று: ஜிம் கட்டணத்தின் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் ரசீதில் எந்த விகிதம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் இரண்டு முறை ஜிம்மை விட்டதை நினைவில் வைத்திருக்கிறீர்கள். வீட்டுக்கு வாங்கி அவதிப்பட்ட கதையை நான் அப்போது எழுதவில்லை. நீங்கள் சொல்லும் செட்டைப் போன்ற ஒன்றைத்தான் நானும் வாங்கினேன். வெளியே கறுப்புப் பிளாஸ்டிக், உள்ளே சிமெண்டுக் கலவை. இரும்பைவிடச் சிமெண்டுக்கு அடர்த்தி மிகவும் குறைவு என்பதால் ஒவ்வொரு பிளேட்டும் தடித்த அப்பம்போல இருந்தது. பக்கத்துக்கு மூன்று கோத்ததும் ராடில் இடம் தீர்ந்துபோனது. இரண்டாம் மாதம் ஒரு பிளேட்டின் விளிம்பில் விரிசல் விட்டு, தலைக்கு மேல் தூக்கும்போதெல்லாம் சாம்பல் நிறத் தூள் நெற்றியில் கொட்டத் தொடங்கியது. பிறகு ஒரு நாள் ராடின் மரை தேய்ந்து நட்டு கழன்றது. ஒரு பக்கத்துப் பிளேட்டுகள் நழுவி விழ, மறுபக்கம் அதே வேகத்தில் கீழே சாய, டைல்ஸ் இரண்டு உடைந்தன. வீட்டைக் காலி செய்தபோது அட்வான்ஸில் அதற்கும் பிடித்துக்கொண்டார்கள்.

ஆகவே உங்கள் 9,000 ரூபாய்ச் செட்டைப் பிரித்துக் கணக்கிட்டுப் பாருங்கள். இரும்புப் பிளேட் கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 50 கிலோவுக்கு மட்டுமே 7,500 ரூபாய் ஆகிவிடுகிறது. மீதி 1,500 ரூபாயில் ஒரு பென்ச்சும் மூன்று ராடும் எப்படி வரும்? எடை சிமெண்டாக இருக்க வேண்டும், அல்லது உங்களைத் தாங்கப்போகும் பென்ச்சின் தகடு மெல்லியதாக இருக்க வேண்டும், பெரும்பாலும் இரண்டுமே. பென்ச் தாங்கக்கூடிய எடை என்று குறித்திருப்பதில் தூக்குகிற எடையோடு உங்கள் உடல் எடையும் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஐந்தடி ராடும் இப்போது வேண்டாம். தனியாகப் படுத்துத் தூக்கும்போது கை சோர்ந்தால் ராடு மார்பின் மேல் நிற்கும், எடுத்துவிட ஆள் இருக்காது. டம்பெல் என்றால் இரண்டு பக்கமும் இறக்கிவிடலாம்.

இதுவரை எழுதியதைப் படித்தால் ஜிம்மும் வேண்டாம், வீடும் வேண்டாம் என்கிறேனோ என்று தோன்றும். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி, இதுவரை எடை தூக்கியதே இல்லை என்பது. ஜிம்மில் கிடைப்பவற்றில் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு வர முடியாத ஒன்று உண்டென்றால், அது நீங்கள் குனிவதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் ஒரு மனிதர். இடுப்பை மடக்கிக் குனிவதற்கும் முதுகை வளைத்துக் குனிவதற்கும் உள்ள வேறுபாடு செய்பவருக்கு முதலில் தெரியாது. முதுகு நேராகத்தான் இருக்கிறது என்று சத்தியம் செய்வோம். இரண்டு வாரம் ஒருவர் கையை வைத்துத் திருத்திய பிறகே உடம்புக்கு அது புரிகிறது. நீங்கள் கற்க வேண்டியவை ஐந்தே அசைவுகள்தான்: எடையோடு உட்கார்ந்து எழுதல், இடுப்பை மடக்கித் தரையிலிருந்து எடுத்தல், நெஞ்சிலிருந்து தள்ளுதல், தன்னை நோக்கி இழுத்தல், தலைக்கு மேல் உயர்த்துதல். முதலாவது நம் ஊர்ப் பஸ்கியின் உறவினர், மூன்றாவது தண்டாலின் உறவினர். மிச்சமுள்ள இயந்திரங்கள் எல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நட்டமில்லை.

எனவே என் யோசனை, ஆண்டுச் சந்தா கட்டாமல், மாதக் கட்டணத்தில் மூன்று மாதம் மட்டும் சேருங்கள். 4,500 ரூபாய் ஆகும். மாதக் கணக்கில் பார்த்தால் சலுகையை இழக்கிறீர்கள். ஆனால் நின்றுவிட்டால் இழக்கப்போவது மிகக் குறைவு. உங்கள் மருத்துவர் கொடுத்த அவகாசமும் அதே மூன்று மாதம்தான். எச்பிஏ1சி ஏறக்குறைய அந்தக் கால அளவின் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிறது என்பதால், பலன் இருந்தால் அடுத்த பரிசோதனையில் தெரியும். மாலை ஆறரைக்கு மேல் போனால் பென்ச்சுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். முடிந்தால் காலையில் போங்கள். முதல் வாரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, இரண்டாம் வாரம் பர்சனல் டிரெய்னிங் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள், புரத மாவு டப்பாவையும் காட்டுவார்கள். முன்னதற்கு, அந்த ஐந்து அசைவுகளைக் கற்றுத்தர மட்டும் நான்கைந்து வகுப்புகள் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பின்னது உங்களுக்குத் தேவையில்லை. ரத்த அழுத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டு தொடங்குங்கள். தூக்கும்போது மூச்சை அடக்கி வைக்காதீர்கள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு உங்களைப் பொறுத்தவரை வீடுதான் சரி என்று நினைக்கிறேன், அதற்குக் காரணம் விலையன்று. போக நான்கு, வர நான்கு என்று எட்டுக் கிலோமீட்டர். நகர நெரிசலில் அரை மணி நேரம் ஆகும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது. அரை மணி நேரம் வீதம் ஐந்து நாள் விரைந்து நடந்தால் 150 நிமிடம் ஆகிவிடுகிறது. வண்டியில் உட்கார்ந்து ஒரு நாள் ஜிம்முக்குப் போய்வரச் செலவாகும் நேரமும் ஒரு நாள் நடக்க வேண்டிய நேரமும் ஏறக்குறைய ஒன்றே. சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் கணிசமான பங்கைத் தசைகள்தான் எடுத்துக்கொள்கின்றன; வேலை செய்யும் தசை இன்சுலினின் துணை இல்லாமலும் அதை உள்ளே இழுக்கும். இரவுச் சாப்பாடு முடிந்து தெருவில் இருபது நிமிடம் நடப்பதற்கு எந்தச் சந்தாவும் வேண்டியதில்லை.

இன்னொரு காரணம் உங்கள் மனைவி. ஜிம்மில் இருவர் என்றால் இரண்டு கட்டணம். வீட்டில் அதே இரும்பை இருவரும் தூக்கலாம். முதலில் இரண்டு டம்பெல் ராடும் 24 கிலோ இரும்புப் பிளேட்டும் போதும். பிளேட்டைக் கழற்றி மாட்டுவது பெரிய சலிப்பு, அந்தச் சலிப்பிலேயே பயிற்சி நின்றுபோன வீடுகள் உண்டு; ஆகவே அவருக்கென்று தனியாக இன்னொரு ஜோடி ராடு வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை. நீங்கள் கற்றதை அவருக்குக் காட்டுங்கள். செல்பேசியைப் பக்கவாட்டில் நிறுத்திக் காணொளி எடுத்துப் பார்த்தால், முதுகு வளைகிறதா என்பது இருவருக்குமே தெரிந்துவிடும். 2020இல் ஜிம்கள் மூடிக்கிடந்த மாதங்களில் வாங்கிப்போட்டவர்கள் பலர் இப்போது விற்கிறார்கள். பழைய பென்ச்சை வாங்கும்போது யோசியுங்கள், பழைய இரும்புப் பிளேட்டுக்கு யோசிக்கவே வேண்டாம். பத்துக் கிலோ என்றைக்கும் பத்துக் கிலோதான்.

வீட்டுப் பயிற்சியில் ஒரு குறை உண்மையானது. தசைகளில் வலுவானவை கால்கள், சில மாதங்களில் 24 கிலோ அவற்றுக்கு விளையாட்டாகிவிடும். அப்போது ஒரு காலைப் பின்னால் நாற்காலியின் மேல் வைத்து மறுகாலால் மட்டும் இறங்கி ஏறலாம், இறங்குவதை நான்கு எண்ணும்வரை நீட்டலாம். தசை களைத்துப்போகும் எல்லை வரை செய்தால், குறைந்த எடையிலும் தசை நன்றாகவே வளரும். எவ்வளவு கனத்தைத் தூக்க முடியும் என்ற உச்ச பலம் வேண்டுமென்றால்தான் கனமான ராடும் அதைத் தாங்கும் சட்டமும் வேண்டும், அதற்கு ஜிம்தான் இடம். உங்கள் 6.1-க்கு அது அவசியமில்லை.

கதவு நிலையில் மாட்டும் பார் கம்பியை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். நம் வீடுகளில் நிலை பெரும்பாலும் சுவர்ப் பூச்சோடு ஒட்டி முடிந்துவிடும். கொக்கி உட்கார மேலே விளிம்பு இருக்காது. திருகி இறுக்கும் வகை, வாடகை வீட்டின் நிலையைத் தழும்பாக்கும். அருகிலுள்ள பூங்காவில் கம்பி இருந்தால் அதில் தொங்கிப் பழகுங்கள். பூங்காக்களில் மஞ்சளும் நீலமுமாக நிற்கும் ஆடும் கருவிகள் வயதானவர்களின் மூட்டுகளுக்கு நல்லவை, ஆனால் அவற்றில் எடையைக் கூட்ட வழியில்லை.

இடத்தைப் பற்றி. பாதி அறை தாராளம், ஆனால் மின்விசிறிக்கு நேர் கீழே நின்று தலைக்கு மேல் எதையும் உயர்த்தாதீர்கள். தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றை முதல் ராடுக்கு முன்பே வாங்குங்கள். மொட்டை மாடி வேண்டாம். சித்திரை வெயிலில் இரும்பைத் தொட முடியாது, ஐப்பசி மழையில் துருப்பிடித்துவிடும். துரு வந்தால் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், பிசுக்கு ஏறும். தையல் இயந்திரத்துக்குப் போடும் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். காலை ஐந்தரைக்கு உங்கள் டம்பெல் தரையைத் தொடும் ஓசை கீழே படுத்திருக்கும் வீட்டுக்காரரின் தலைக்கு மேல்தான் கேட்கும். எதையும் வாங்குவதற்கு முன் ஒருமுறை கீழே இறங்கிப்போய் அவரிடம் பேசிவிடுங்கள்.