தலைமன்னார் மணலில் மூன்று நாள்: பையை எங்கே இறக்குவது?

கேள்வி: "அண்ணை, நான் மல்லாவி. நானும் ரெண்டு சிநேகிதரும் மார்ச் மாதம் முதுகுப்பையோட தலைமன்னாருக்குப் போய் மூண்டு நாள் நிண்டு வர யோசிக்கிறம். காசு பெரிசா இல்லை. மணல் மேட்டிலையே டென்ட் அடிச்சுப் படுக்கலாம் எண்டு ஒருத்தன் சொல்லுறான். சரிவருமோ? தண்ணிக்கு என்ன செய்யிறது? பையில என்ன வைக்கிறது? அம்மா வேற, கடற்கரையில இரவு தங்கிற கதையே வேண்டாம் எண்டுறா."

பதில்: தம்பி, மணல் மேட்டில் டென்ட் அடிக்க வேண்டாம். பையை ஊருக்குள் ஒரு வீட்டு வளவில் இறக்கிவிட்டு, விடியற்காலையிலும் பின்னேரத்திலும் தண்ணீர்ப் போத்தலோடு மட்டும் மணலுக்குப் போங்கள். உங்கள் நண்பர் இதைக் கேட்டு முகத்தைச் சுளிப்பார். நானும் ஒருகாலத்தில் சுளித்தவன்தான்.

முதன்முறை நாங்கள் நாலு பேர் போனபோது, காற்றுக்கு மறைவு என்று நினைத்து ஒரு மேட்டின் செங்குத்தான பக்கத்து அடிவாரத்தில் கூடாரம் அடித்தோம். காற்று அடிக்கவேயில்லை. ஆகா என்று படுத்தோம். விடிய எழும்பினால் ஒரு பக்கத் துணி உள்ளுக்குத் தள்ளி வயிறு போட்டிருந்தது. சிப்பை இழுத்தால் பாதியில் நின்றுவிட்டது. பானையில் மிச்சம் இருந்த சோற்றை வாயில் வைத்தால் நறநற என்றது. அதற்குப் பிறகுதான் மணல் மேடு எப்படி வேலை செய்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். காற்று வரும் பக்கம் மேடு மெல்லச் சரிந்து இறுகியிருக்கும். மறுபக்கம் 30 பாகைக்குக் கொஞ்சம் மேலான செங்குத்தில் பொலபொலவென்று நிற்கும். காற்று தூக்கிவரும் மணலை உச்சி தாண்டியதும் கீழே போட்டுவிடும். போடுகிற இடம் அந்த மறைவான பக்கம். மணல் கொட்டுகிற இடத்திலேயே தலையை வைத்துப் படுத்திருந்திருக்கிறோம்.

காய்ந்த மணல், மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீற்றர் வேகக் காற்றுக்கே நகரத் தொடங்கிவிடும். பறக்கும் மணலில் பெரும்பகுதி முழங்காலுக்குக் கீழேதான் துள்ளித் துள்ளிப் போகும். நிற்கும்போது ஒன்றும் தெரியாது. படுத்தால் மூக்கு, கண், காது எல்லாம் மணல். ஃபோனின் சார்ஜர் துவாரத்துக்கும் இதே கதிதான். அதைப் பொலித்தீன் பைக்குள் முடிச்சுப் போட்டு வையுங்கள்.

மார்ச் மாதத்தைத் தேர்ந்தது நல்லது. வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்று அடங்கியிருக்கும், தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று இன்னும் எழும்பியிருக்காது. தலைமன்னார் இருக்கும் மன்னார்த் தீவு வடமேற்கு, தென்கிழக்காக நீண்டு கிடப்பதால் அதற்கு இரண்டு கடல். வடக்கே பாக்கு விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக் காலத்தில் வடக்குக் கரை கொந்தளிக்கும், தெற்கு அமைதியாகக் கிடக்கும். சோளகத்தில் மாறி நடக்கும். தென்கரையில் காற்றாலைகளை வரிசையாக நட்டிருப்பதும் அந்தச் சோளகத்தை நம்பித்தான். கடற்றொழிலாளர் பருவம் பார்த்து வாடியை, அதாவது கரையில் போடும் குடிலை, ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு மாற்றுவதும் இதனால்தான். நீங்கள் போய் இறங்கும் நாளில் எந்தப் பக்கம் வள்ளங்கள் அதிகமாக ஏற்றிக் கிடக்கின்றன என்று பாருங்கள். குளிப்பதற்கு அந்தப் பக்கம் போகலாம். பயணத்தை ஏப்ரலுக்குத் தள்ளிவிடாதீர்கள். ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். மத்தியான மணலில் கால் வைக்க முடியாது.

போகும் வழி உங்களுக்குத் தெரிந்ததுதான். துணுக்காய், வெள்ளாங்குளம் போய் ஏ32 வீதியைப் பிடித்தால் இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு கடந்து மன்னார். மன்னாரில் இறங்கி பேசாலை வழியாகப் போகும் தலைமன்னார் பஸ்ஸில் ஏறுங்கள், சுமார் 30 கிலோமீற்றர். ரயில் ஆசை இருந்தால் மதவாச்சிக்குப் போக வேண்டிவரும். மல்லாவியிலிருந்து அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. ஆனாலும் 1914-இல் இந்தியாவோடு கப்பலும் ரயிலுமாக இணைந்த பாதை அது. போரில் அழிந்து, 2015-இல்தான் மறுபடி தலைமன்னார் துறை வரை வந்தது. திரும்பும்போது மன்னார் வரைக்குமாவது ஒருமுறை அதில் ஏறிப் பாருங்கள்.

இனித் தண்ணீர். நீங்கள் கேட்டதில் மிக முக்கியமானது இதுதான், கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும்.

இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல், அதற்குள் எப்படி நல்ல தண்ணீர்க் கிணறு என்று பலர் ஆச்சரியப்படுவார்கள். மணல்தான் அங்கே தண்ணீர்த் தாங்கி. மாரியில் பெய்யும் மழை வழிந்தோடாமல் மணலுக்குள் இறங்கி, கீழே ஊறி நிற்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீர் நல்ல தண்ணீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனம் கூடியது. ஆகவே கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு அது இறங்கி நிற்க முடியும். கணக்கைத் திருப்பிப் போட்டால் பயமாக இருக்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழேயிருந்து உவர் 40 அடி ஏறிவரும். மணல் அள்ளுவதற்கும், கிணற்றில் மோட்டர் போட்டு வரம்பில்லாமல் இறைப்பதற்கும் ஊர்ச்சனம் ஏன் இவ்வளவு எதிர்ப்பு என்று இப்போது விளங்கும்.

உங்களுக்கு இதில் இரண்டு காரியம் இருக்கிறது. ஒன்று, கிணற்றுத் தண்ணீரைக் கேட்டு வாங்கி, கொதிக்க வைத்துக் குடியுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு, ஐந்து லீற்றர் தேவைப்படும். ஒரு லீற்றர் ஒரு கிலோ. மூன்று பேருக்கு மூன்று நாள் தண்ணீரை மல்லாவியிலிருந்து முதுகில் கட்டிக்கொண்டு போகும் திட்டம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லீற்றர் போத்தல், தங்குமிடத்தில் வைக்க ஒரு 20 லீற்றர் கான், அவ்வளவுதான். வியர்த்துக் கொட்டும்போது வெறும் தண்ணீர் மட்டும் போதாது. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத்தூள் பைக்கற் நாலைந்து எடுத்துச் செல்லுங்கள். தேசிக்காயும் உப்பும் சீனியும் இருந்தாலும் சமாளிக்கலாம்.

மற்றது, மணலில் குழி தோண்டி மலம் கழித்துவிட்டு மூடினால் போயிற்று என்று நினைக்காதீர்கள். காட்டுக் களிமண்ணில் அது வேறு கதை. மணல் எதையும் பிடித்து வைக்காது. நீங்கள் விட்டதெல்லாம் நேரே அந்த மிதக்கும் தண்ணீருக்குத்தான் இறங்கும். சவர்க்காரமும் அப்படியே. வளவில் தங்கச் சொல்வதற்கு எனக்கு இருக்கும் பெரிய காரணம் அங்கே மலசலகூடம் இருக்கிறது என்பதுதான்.

வளவை எப்படிப் பிடிப்பது? மன்னார் நகரில் விடுதிகள் பல இருக்கின்றன, தலைமன்னார்ப் பக்கம் சில. கை கடிக்கும் என்றால் பகல் வெளிச்சத்தோடு ஊருக்குள் போய் ஒரு தேத்தண்ணிக் கடையில் குந்துங்கள். எங்கிருந்து வருகிறீர்கள், யார் பிள்ளைகள் என்று அவர்களே கேட்பார்கள். ஒளிக்காமல் சொல்லுங்கள். பனை நிற்கும் ஒரு வளவில் இரண்டு இரவு டென்ட் அடிக்க இடம் கேளுங்கள். சும்மா வேண்டாம், காசு கொடுங்கள். இரவுச் சாப்பாட்டையும் அந்த வீட்டிலேயே சொல்லிவிட்டால் அடுப்பு, பானை, மண்ணெண்ணெய் எல்லாம் உங்கள் பையிலிருந்து குறையும். அன்றைக்குப் பிடித்த மீனில் வைத்த குழம்பு பைக்கற் நூடில்ஸைவிட மலிவாகவே முடியும்.

திறந்த கரையில் தங்குவதற்கு இன்னொரு தடையும் உண்டு. இந்தியக் கரையான தனுஷ்கோடி ஏறக்குறைய 30 கிலோமீற்றரில் இருக்கிறது. கடத்தல், ஆள் கடப்பது என்று கடற்படை இரவெல்லாம் ரோந்து சுற்றும். நடுச்சாமத்தில் டோர்ச் அடித்துக்கொண்டு கரையில் நிற்கும் மூன்று இளந்தாரிகளைப் பார்த்து அவர்கள் என்ன நினைப்பார்கள்? அடையாள அட்டையை எப்போதும் சட்டைப் பையில் வையுங்கள். ஆதாம் பாலத்து மணல் திட்டுகளுக்கு 'கொண்டுபோய்க் காட்டுறன்' என்று யாராவது வள்ளம் காட்டினால் ஏறாதீர்கள். அது 2015 முதல் தேசிய பூங்கா, அனுமதியோடு போகவேண்டிய இடம்.

சரி, வளவிலேயே டென்ட் அடித்தாலும் மண் என்னவோ மணல்தான். கம்பியாணி நிற்காது, ஒரு இழுவையில் வந்துவிடும். நாலு உரப்பை கொண்டுபோங்கள். ஒவ்வொன்றிலும் அரைவாசி மணலை நிரப்பி, வாயைக் கட்டி, கூடாரக் கயிற்றை அதன் இடுப்பில் சுற்றி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதையுங்கள். மேலே மணலைத் தள்ளிக் காலால் மிதித்து, கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். மாடு கட்டினாலும் அசையாது. வாசலைக் காற்று அடிக்காத பக்கம் வையுங்கள். சாப்பாட்டு மிச்சத்தை வெளியில் வைக்காதீர்கள், மன்னார்க் கழுதைகளுக்கு நேரம் காலம் இல்லை.

கூடாரம் இல்லாவிட்டால் தறப்பாள் போதும். அதைக் கட்டும் விதத்தை என்னிடம் கேட்காமல் அம்மாவிடம் கேளுங்கள். போரில் 2008-இல் மல்லாவியிலிருந்து வெளிக்கிட்டு, இடம் இடமாகத் தறப்பாள் கட்டி, மாத்தளன் மணல் வரை போன தலைமுறை அது. சேலையைத் தைத்துப் பையாக்கி மணல் நிரப்பி அடுக்கியவர்கள். அதற்கு முன்னால் 2004-இல் சுனாமியாகக் கடலும் வந்துவிட்டுப் போனது. கடற்கரையில் இரவு தங்குவது என்றதும் அவருக்கு என்னென்ன நினைவு வருமோ, சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். நீங்கள் தங்கும் வளவுக்காரரின் ஃபோன் இலக்கத்தை அவரிடம் கொடுங்கள். பின்னேரம் ஆறு மணிக்கு எடுப்பேன் என்று சொல்லி, ஆறு மணிக்கே எடுங்கள்.

நடைக்கு வருவோம். மணலில் நடக்க, இறுகிய தரையில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். ஆகவே கரையோரம் அலை வந்து போன ஈர மணலில் நடவுங்கள். மேட்டில் ஏறும்போது காற்றுப் பக்கத்து இறுகிய சரிவால் ஏறுங்கள். மறுபக்கத்தால் ஏறினால் ஒரு அடி வைக்க அரை அடி வழுக்கும். வெயிலுக்கு முன் வெறுங்காலோடு நடப்பது சுகம்தான், ஆனால் உடைமரம் நிற்கும் இடத்தில் மட்டும் செருப்பை நம்பாமல் சப்பாத்தைப் போடுங்கள். உடைமுள் பாட்டா செருப்பைக் குத்திக்கொண்டு மேலே வரும்.

மேட்டில் இரண்டு செடிகளை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். ஒன்று அடம்பன். மணலைப் பிடித்து மேட்டை நிறுத்தி வைத்திருப்பது அந்தக் கொடிதான். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று சும்மா சொல்லவில்லை. மற்றது இராவணன் மீசை. ஊசி ஊசியாக நிற்கும் புல். அதன் விதைப்பந்து காய்ந்து கழன்றால், சில்லுப் போல காற்றோடு கரை முழுக்க உருண்டோடும். துரத்திப் பிடித்தால் கையில் குத்தும், நான் பிடித்திருக்கிறேன். இந்த இரண்டும் படர்ந்த இடத்தை மிதித்துப் பாதையாக்க வேண்டாம். கொடி அறுந்த இடத்தால்தான் காற்று மேட்டைக் கிண்டத் தொடங்கும்.

காற்று கிண்டிய இடத்தில் ஏதாவது துருப்பிடித்த இரும்பு வெளியில் தெரிந்தால் தொட வேண்டாம், போரில் வெடிக்காமல் மிஞ்சியதாக இருக்கலாம். வன்னிப் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை. தள்ளி நின்று பொலிஸின் 119-க்கு அறிவியுங்கள்.

குளிக்கும்போது தலைமன்னார் முனைப் பக்கம் இறங்காதீர்கள். இரண்டு கடலும் திட்டுகளுக்கு இடையால் ஒன்றுக்குள் ஒன்று பாயும் இடம் அது, இழுவை கூட. நீச்சல் வீரர் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் தனுஷ்கோடிக்கு நீந்திப் போய்த் திரும்பியும் வந்தவர்தான். அவர் கடற்கரை ஊரான வல்வெட்டித்துறை, நீங்கள் குளத்தில் நீந்திப் பழகிய ஆள். ஆழமில்லாத கரையில் இறங்கும்போதும் காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு இழுத்து இழுத்து நடவுங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை மீன் அதிர்வை உணர்ந்து விலகிவிடும். மிதித்து முள் ஏறிவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு 1990-க்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

பையில் இனி என்ன மிச்சம்? இரண்டு சோடி உடுப்பு, ஒரு சாரம், துவாய், முழுக்கைச் சட்டை, விளிம்பு அகன்ற தொப்பி, டோர்ச், முள் எடுக்க ஊசி, உரப்பை நாலு, நைலோன் கயிறு. சாப்பாட்டுக்கு இடிச்ச சம்பலும் ரொட்டியும் முதல்நாளைக்கு. அதற்குப் பிறகு அவலும் பனங்கட்டியும் கெடாது. எல்லாம் சேர்ந்து எட்டுக் கிலோவைத் தாண்டினால் எதையாவது வெளியே எடுங்கள். முதலில் அந்தப் பெரிய புளூடூத் ஸ்பீக்கரை.