அப்பாவின் ஸ்கோர்கார்டுக்குத் தரகர் சான்றிதழ் வேண்டுமா?

கேள்வி: செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த என் அப்பா காலமானபின், அவர் பெட்டியில் பழைய ஸ்கோர்கார்டு ஒன்று கிடைத்தது. 1963 ஜில்லெட் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டம், லார்ட்ஸ் (லண்டன் மைதானம்) என்று இருக்கிறது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் கொடுத்ததாம். 400 வெள்ளி கொடுத்தால் மதிப்புச் சான்றிதழ் தந்து, பெரிய விலைக்கு விற்றும் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். அவர் அனுப்பிய மாதிரியில் "முதல் 60 ஓவர் கோப்பையின் இறுதி ஆட்டம்" என்று போட்டிருக்கிறது. நம்பலாமா? (வாசகர், யீஷூன்)

பதில்: பணம் கொடுக்காதீர்கள். உங்கள் அட்டை அசலாகவே இருக்கலாம். அந்தச் சான்றிதழ் நிச்சயமாகத் தப்பு.

மூன்று நாள் ஆட்டங்களுக்குக் கூட்டம் குறைந்து இங்கிலாந்துக் கவுண்டிகள் (வட்டார அணிகள்) கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில், ஜில்லெட் என்ற சவர பிளேடு கம்பெனியின் பணத்தில் வந்த நாக்-அவுட் போட்டி (தோற்றால் வெளியே) இந்தக் கோப்பை. முதல் வருஷம் ஓர் அணிக்கு 65 ஓவர். 60 ஆனது 1964-ல்தான். 1963 செப்டம்பர் 7 அன்று டெட் டெக்ஸ்டர் தலைமையிலான சசெக்ஸ் அணி 60.2 ஓவரில் (60 ஓவரும் 2 பந்தும்) 168-க்கு ஆல் அவுட். வூஸ்டர்ஷயர் 154-ல் சுருண்டு 14 ரன்னில் தோற்றது. 60 ஓவர் ஆட்டத்தில் 61-ஆவது ஓவரில் எப்படி விக்கெட் விழும்? இதுகூடத் தெரியாதவருக்கா 400 வெள்ளி?

அட்டையை ஜன்னலோரம் வைத்து, அச்சிட்ட விலையைப் பாருங்கள். பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியது 1971 பிப்ரவரியில். அதற்கு முன் பென்னிக்கு 'டி' என்ற ஆங்கில எழுத்துதான் போடுவார்கள்; 'பி' பிறகு வந்தது. 'பி' இருந்தால் அது பிற்கால மறுஅச்சு, சந்தேகமே வேண்டாம். லார்ட்ஸில் ஆட்டம் நடக்க நடக்க மைதானத்திலேயே ஸ்கோர்கார்டை அச்சடித்து விற்பார்கள். அதனால் பாதி ஸ்கோர் அச்சிலும் மீதி பென்சிலிலும் இருந்தால் பயப்படாதீர்கள், அழித்தும் விடாதீர்கள். அந்த அதிகாரி கேலரியில் உட்கார்ந்து எழுதியதாக இருக்கலாம்.

பெட்டியில் வேறு ஜில்லெட் கோப்பைத் தாள்கள் இருந்தால் தனியாக வையுங்கள். இதே பெயரில் ஆஸ்திரேலியாவிலும் ஒரு போட்டி 1973-74 முதல் 1978-79 வரை நடந்தது. அங்கே அப்போது ஓவருக்கு 8 பந்து. 1974-75-ல் அந்த உள்நாட்டுக் கோப்பையை வென்றதோ நியூசிலாந்து! தென்னாப்பிரிக்காவிலும் ஒரு ஜில்லெட் கோப்பை இருந்தது. தரகர்கள் இந்த மூன்றையும் ஒன்றாக்கி விற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

குழப்பத்துக்குக் கிரிக்கெட் நிர்வாகிகளும் காரணம். இங்கிலாந்துக் கோப்பைக்கு 1981-ல் நாட்வெஸ்ட், 2001-ல் சி அண்ட் ஜி, 2007-ல் ஃப்ரெண்ட்ஸ் பிராவிடென்ட் என்று பணம் தந்தவர் பெயரையெல்லாம் ஒட்டினார்கள். 2009-ஓடு கடையையே மூடிவிட்டார்கள். நாற்பத்தேழு வருஷக் கோப்பைக்கு நிலையாக ஒரு பெயர் வைக்க மனம் வரவில்லை. அந்த ஓட்டையில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

அட்டையை லேமினேட் செய்யச் சொன்னாலும் கேட்காதீர்கள். அப்படிச் செய்த ஒருவர் என்னிடம் வந்தார். பிளாஸ்டிக்கைப் பிரித்தபோது டெக்ஸ்டர் பெயரும் சேர்ந்து உரிந்து வந்தது. நம் ஊர் ஈரத்துக்கு, அமிலமில்லாத காகித உறையும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும்.

விற்கத்தான் வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் படமெடுத்து, இங்கிலாந்தில் கிரிக்கெட் பொருள்களை ஏலம் விடும் நிறுவனங்களுக்கு நேராக மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர்கள் கமிஷனை விற்ற பணத்தில் எடுத்துக்கொள்வார்கள். கையெழுத்தில்லாத ஒற்றை அட்டைக்குப் பெருந்தொகை எதிர்பார்க்காதீர்கள். முன்பணம் ஏற்கெனவே கொடுத்திருந்தால் ரசீதோடும் வாட்ஸ்அப் உரையாடலோடும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலுக்கு (சிறு தொகை வழக்குகளுக்கான மன்றம்) போங்கள். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். அசல் அட்டையை மட்டும் "ஒரு நாள் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.