மன்னார் வளைகுடா கட்டுரை: எதை வைப்பது, எதை எடுப்பது

எழும்பூர் ரயில் நேரம், படகுக் கட்டணம், கடற்பசுக் காப்பகம் மூன்றும் கடல் தேசியப் பூங்கா கட்டுரையில் இருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டையும் தூக்கிவிடுங்கள். அது சுற்றுலாக் கையேட்டின் வேலை.

உண்மையான சிக்கல் பரப்பளவில். 10,500 சதுர கி.மீ. என்பது 1989-ல் அறிவித்த உயிர்க்கோளக் காப்பகம், அதாவது பூங்காவையும் உள்ளடக்கிய பெரிய பாதுகாப்புப் பகுதி. 1986-ல் அறிவித்த பூங்கா 560 சதுர கி.மீ., 21 தீவுகள். இரண்டையும் ஒரே தகவற்பெட்டியில் (கட்டுரையின் ஓரத்தில் வரும் சுருக்க அட்டவணை) கலந்தால் கட்டுரை முழுக்கக் கணக்கு பிசகும். கடற்பசுக் காப்பகம் (2022, 448 சதுர கி.மீ.) பாக் விரிகுடாவில் இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டுரை எழுதி, இங்கே ஒரு வரியில் இணைப்புக் கொடுங்கள்.

பவளப்பாறை வெட்டியதால் மூழ்கிய பூவரசன்பட்டி, விலாங்குசல்லி தீவுகளுக்கு ஒரு பத்தி தாராளமாகக் கொடுக்கலாம். பாசி எடுக்கும் பெண்களின் வாழ்வாதாரச் சிக்கலையும் விட்டுவிடாதீர்கள். மீன் பட்டியல் எதற்கு இவ்வளவு நீளம்?